மீதி நாலு இன்னிங்ஸ்

பேஸ்பால் மட்டையை நம் ஊர்க்காரர்கள் சினிமா அடியாட்கள் கையில்தான் பார்த்திருப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது அந்த ஆட்டத்தில் என்னைவிடப் பெரிய பைத்தியம் கடலூர் மாவட்டத்தில் இருந்தால் வரச்சொல்லுங்கள், டீ வாங்கித் தருகிறேன்.

என் மகன் அமெரிக்காவின் மேற்குக் கரையில் வேலை பார்க்கிறான். போனில் எங்கள் பேச்சு "சாப்ட்டீங்களாப்பா?", "ஆச்சு, நீ?", "ஆச்சு, அம்மாகிட்ட குடுங்க" என்பதோடு முடிந்துவிடும். போன வருஷம் அவன் அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு போனை யாரிடம் கொடுப்பது? ஆளுக்கொரு பக்கம் சும்மா பிடித்துக்கொண்டிருப்போம்.

அப்போதுதான் தன் ஊர் அணியின் ஆட்டத்தை நான் போனில் பார்க்க வழி செய்து கொடுத்தான். மார்ச் கடைசியிலிருந்து கிட்டத்தட்ட தினமும் ஆட்டம். அங்கே மாலையில் தொடங்கினால் இங்கே காலை ஏழே கால். நான் ஆபீஸ் போக சிதம்பரத்தில் கடலூர் பஸ் ஏறும் நேரம். படத்தைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, ஒன்றிரண்டு வார்த்தையில் ஆட்டத்தை விளக்கும் அவன் குரலைக் காதில் மாட்டிக்கொள்வேன்.

"இன்னா மாமா, பாதிப்பேரு சும்மாவே நிக்கிறானுங்க?" என்பார் பக்கத்து சீட்டுக்காரர். அவருக்கு என்ன தெரியும்.

உருப்படாத அணி. அடுத்த சுற்றுக்குப் போகாது என்று ஆகஸ்டிலேயே தெரிந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. செப்டம்பரோடு ஆட்டம் முடிந்துவிட்டால் மார்ச் வரை நாங்கள் எதைப் பேசுவோம் என்பதுதான் பயமாக இருந்தது.

கடைசி ஆட்டம் அவர்களுக்கு ஞாயிறு. திங்கள் காலை ஜன்னலோர சீட் பிடித்துப் போனை எடுப்பதற்குள் அவனே கூப்பிட்டான்.

"கடைசி நாள் எல்லா ஆட்டத்தையும் மத்தியானமே வெச்சுடுவாங்கப்பா. சொல்ல மறந்துட்டேன். நீங்க தூங்கும்போதே முடிஞ்சிடுச்சி."

வழியனுப்பப் போய் ரயிலைத் தவறவிட்டது போல இருந்தது.

"ஸ்கோரப் பாத்துடாதீங்க. நான் கிரவுண்டுக்குப் போயிருந்தேன். சொல்றேன், கேளுங்க."

முதல் பந்திலிருந்து தொடங்கினான். பத்து வார்த்தைக்கு மேல் பேசாத பிள்ளை! நடுவே, "வெயிலு ஜாஸ்திப்பா. அம்மா இருந்திருந்தா தொப்பி இல்லாம போனதுக்குத் திட்டியிருப்பாங்க" என்றான். அவள் போன பிறகு அவளைப் பற்றி அவன் பேசியது அதுதான் முதல் தடவை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆலப்பாக்கத்தில் சிக்னல் போனது. மறுபடி கூப்பிட்டு, விட்ட இடத்திலிருந்தே ஆரம்பித்தான்.

கடலூர் பஸ் ஸ்டாண்டு வந்தபோது மொத்தம் ஒன்பதில் ஐந்தாவது இன்னிங்ஸ்தான் முடிந்திருந்தது.

"மீதி நாலு இருக்குப்பா. ஆபீஸுக்குப் போங்க, நாளைக்குச் சொல்றேன்."

ஒரு நாளுக்கு ஒரு இன்னிங்ஸ் என்று வெள்ளிக்கிழமை வரை இழுத்தான். தோற்றுத்தான் போயிருந்தார்கள்.

சனிக்கிழமை சொல்வதற்கு ஆட்டம் எதுவும் மிச்சமில்லை. ஏழே காலுக்கு நானே அவனைக் கூப்பிட்டேன்.