ஜெபல் அலியில் ஒரு இரும்புச் சர்ச்

இரும்பை வெட்டிப் பற்றவைக்கும் ஃபேப்ரிகேஷன் யார்டில் வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்: காலை பத்து மணிக்கு மேல் இரும்பைத் தொடும்போது கையுறைக்குள்ளேயே விரல் வேகும். என்னைப் போல அப்படி விரல் வெந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கல்லைத் தாங்காத மண்

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் வளைகுடாவில், ஜெபல் அலி துறைமுகப் பக்கம் ஒரு யார்டில் ஃபிட்டராக இருந்தேன். எண்ணெய்த் தொட்டியும் குடோன் கூரையும்தான் எங்கள் பிழைப்பு. ஒருநாள் வந்த டிராயிங்கில் சிலுவை வடிவத் தரை, நடுவில் குவிமாடம், முன்னால் மணிக்கூண்டு. எல்லாம் இரும்பு.

அதைக் கொண்டுவந்தவர் ஸ்டோயன், பல்கேரியாக்காரர். அறுபது வயதிருக்கும். தன் ஊர் ஆர்த்தடாக்ஸ் சபைக்கு ஒரு சர்ச்; துண்டு துண்டாகச் செய்து கப்பலில் அனுப்ப வேண்டும். "ஏன் சார், கல்லில் கட்டக்கூடாதா?" என்று கேட்டேன்.

இஸ்தான்புல் கடலோரத்தில் நூறு வருஷத்துக்கு மேலாக நிற்கும் இரும்புச் சர்ச்சைப் பற்றிச் சொன்னார். வியன்னாவில் வார்த்து, டான்யூப் ஆற்றிலும் கருங்கடலிலும் கொண்டுபோய், கரையில் போல்ட் போட்டுப் பூட்டினார்களாம். கடைசியில் என் தோளைத் தட்டினார்: "அங்கேயும் சேற்று மண், எங்கள் ஊரிலும் சேற்று மண். கல்லை வைத்தால் சாமியும் சேர்ந்து புதைந்துபோவார்!"

குவிமாடம்

குவிமாடத்துக்கு வெல்டர் பெஷாவர் ரஃபீக் பாய். ஐந்து வேளை தொழுகிறவர். தொட்டிக்குக்கூட அவர் இவ்வளவு நிதானமாகப் பற்றவைத்து நான் பார்த்ததில்லை. பற்றவைத்த ஒவ்வொரு தையலையும் தேய்த்து, தடவி, மறுபடி தேய்ப்பார்.

"என்ன பாய், சர்ச் வேலைக்கு இத்தனை கவனமா?" என்று சீண்டினேன். முகமூடியைத் தூக்கி இந்தியில் சொன்னார்: "உள்ளே ஒருத்தன் கண்ணை மூடி நிற்பான். அவன் தலையில் மழை சொட்டினால் யாரைத் திட்டுவான்? என்னைத்தானே?"

நாலு மில்லி

கப்பலேற்றும் முன் யார்டிலேயே முழுசாகப் பூட்டிப் பார்த்தோம். மணிக்கூண்டின் மேல்வளையம் உட்காரவில்லை. துளைகள் நாலு மில்லி விலகியிருந்தன. துளை போட்டவன் நான்.

கேஸ் கட்டரால் துளையைப் பெரிசாக்கி, மேலே வாஷர் போட்டு மூடினால் யாருக்கும் தெரியாது. எனக்கோ நாலு நாளில் ஊருக்கு ஃபிளைட். அதுவரை போட்டோவில் மட்டுமே பார்த்த என் மகளுக்கு முதல் பிறந்தநாள். வளையத்தைப் புதிதாகச் செய்தால் லீவு போச்சு. ஆனால் அந்த உயரத்தில் மணி ஆடும், பெரிசான துளையில் போல்ட் தளரும். கீழே ஆட்கள் நிற்பார்கள். ஸ்டோயனிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை, புது வளையத்துக்கு அவரே கூட நின்று அளவு பிடித்தார்.

பயந்துகொண்டே மனைவிக்குப் போன் போட்டேன். அவள் சொன்னாள்: "கோயில் வேலைன்றீங்க, அரையும் குறையுமா விட்டுட்டு வராதீங்க. பாப்பா எங்க போயிடப் போறா?"

ஷூ

புது வளையம் கச்சிதமாக உட்கார்ந்தது. குழாய்க் குவியல்களுக்கு நடுவே, மணலில், சர்ச் முழுசாக நின்றது. ஸ்டோயன் உள்ளே போய்ச் சன்னமாக ஏதோ பாடினார். இரும்புச் சுவர் அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. யாரும் சொல்லவில்லை, வேலை செய்த நாங்கள் பன்னிரண்டு பேரும் வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். ரஃபீக் பாயும்தான்.

சேஃப்டி ஆபீசர் கோட்டயம் ஜார்ஜ் சார், வெறுங்காலைப் பார்த்தால் ஃபைன் எழுதுகிறவர், விசிலோடு ஓடிவந்தார். ஷூக்குவியலைப் பார்த்தார். பாட்டைக் கேட்டார். குனிந்து தன் ஷூ லேஸை அவிழ்த்தபடி மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்: "அஞ்சு நிமிஷம். அது கழிஞ்சா எல்லாரும் ஷூ போடணும், கேட்டோ!"

அத்தனை வருஷ வளைகுடா வாழ்க்கையில் நான் எழுப்பிய ஒரே கோயிலை, மறுநாள் டூட்டியில் நானே நம்பர் போட்டு, போல்ட் போல்ட்டாகக் கழற்றி, கண்டெய்னரில் அடைத்தேன்.