நல்ல நேரத்தில் வந்த சாராய ஏஜென்சி

எனக்கு விற்கத் தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற சிட்னிக்காரரே, மெல்பேர்ணில் உங்கள் பனஞ்சாராயத்தின் பெயரை முதலில் சொன்ன வாய் யாருடையது?

விநியோகம் என்பது இன்னொருவரின் பிள்ளையைத் தோளில் தூக்கி ஊர்காட்டுகிற வேலை. பிள்ளை நடக்கத் தொடங்கியதும் தகப்பன் வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். இந்தத் தொழிலில் தோள் நொந்த சகோதரங்களே, இது உங்களுக்குத்தான்.

குத்துவிளக்கும் ஒப்பந்தமும்

மெல்பேர்ண் ரோவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில்தான் விநியோக ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து. மனுசி குத்துவிளக்கு ஏற்றியிருந்தாள். சிட்னிக்காரர் மாதிரிக்குக் கொண்டுவந்த போத்தல் மேசையில் நின்றது. விளக்கின் சுடர் அதற்குள் இறங்கி ஆடியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இனி வாடகை வான் ஓட்டி மற்றவன் சாமான் ஏற்றத் தேவையில்லை என்று நெஞ்சு எங்கேயோ மிதந்தது.

வாசித்துக்கொண்டு போனதில் இரண்டாம் பக்கத்தில்தான் நின்றேன். ஒப்பந்தத்தை இடையில் முடித்துக்கொள்வது பற்றிய பக்கம் இன்னும் வரவில்லை. மீன் சந்தையில் ஒரு சதத்துக்கும் விட்டுக்கொடுக்காத நான், குத்துவிளக்குக்கு முன்னால் சிட்னிக்காரர் சொன்ன ஒரு சொல்லுக்குக் கையெழுத்து வைத்துவிட்டேன். மணிக்கூட்டைப் பார்த்து அவர் சொன்னது இதுதான்: “அண்ணை, நல்ல நேரம் முடியப்போகுது. வாசிக்கிறதைப் பிறகும் வாசிக்கலாம்.”

பொயிண்ட் குக்கின் கீழ்த்தட்டு

மெல்பேர்ணின் மறுபக்கம், பொயிண்ட் குக்கில் மதுக்கடை வைத்திருப்பவர் மதுரைக்காரர். பனஞ்சாராயமா, யார் வாங்குவார்கள் என்றார். நான் கத்தினேன். அவரும் கத்தினார். கடைசியில் கீழ்த்தட்டில் ஒரு மூலை தந்தார்.

பின்னேரம் போனால் வெயில் கண்ணாடிக் கதவால் சரிந்து வந்து அந்த மூலையைத் தொடும். போத்தல்களின் தேன்நிறம் நிலத்தில் மெல்ல ஊரும். வந்த வேலையை மறந்து நிற்பேன். மதுரைக்காரர் சிரிப்பார்: “சார், சரக்கு வாங்க ஆள் வருதோ இல்லையோ, அதைப் பார்க்க நீங்க கரெக்டா வந்துடுறீங்க.”

விற்க விற்க, அதே மூலையில் போத்தல் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்மட்டத் தட்டுக்கு ஏறியது. அப்போதுதான் வந்தது வினை.

பனிமூட்டத்தில் ஒரு அழைப்பு

காலை. நெடுஞ்சாலை முழுக்கப் பனிமூட்டம். முன்னால் போகிற வாகனங்கள் சிவப்புப் புள்ளிகளாகக் கரைந்துகொண்டிருந்தன. உலகத்தில் நானும் என் வானும் மட்டும் போல ஒரு சுகம். தொலைபேசி அடித்தது. ஓரமாக நிறுத்தி எடுத்தேன். இனி வேறு ஆட்கள் விநியோகிப்பார்கள், கடைகளுக்கும் சொல்லியாகிவிட்டது என்றார் சிட்னிக்காரர். என் கராஜ் நிறையப் போத்தல். நான் போட்ட சத்தத்தில் வான் கண்ணாடி என் மூச்சில் புகார் பிடித்து மங்கியது. அவரோ ஆறுதலாகச் சொன்னார்: “கோவிக்காதேங்கோ அண்ணை. பெரிய கொம்பனி கேட்டது, குடுத்திட்டம். உங்களுக்கும் விக்கத் தெரியேல்லைத்தானே.”

வாசிக்காத பக்கம்

நான் போய்ப் பார்த்த சட்டத்தரணி மன்னாரிலிருந்து வந்த பெண்பிள்ளை, என் மகளின் வயது. நான் வாசிக்காத பக்கத்தை எனக்கு வாசித்துக் காட்டினாள். நான் எதை மீறினேன் என்று சிட்னிக்காரர் எழுத்தில் சொல்லவேண்டும். திருத்த அவகாசம் தரவேண்டும். அதன் பிறகும் முடிப்பதென்றால், விற்காத போத்தல்களைத் தானே திருப்பி எடுக்கவேண்டும். எல்லாம் அவர் போட்ட நிபந்தனைகள்தான்!

“அப்ப அவரும் வாசிக்கேல்லையோ பிள்ளை?” என்றேன். யன்னலுக்கு வெளியே மேகம் ஒன்று அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அவள் தாளை மூடினாள்: “ஓம் அங்கிள். ரெண்டு பேரும் நல்ல நேரத்தை மட்டும்தான் செக் பண்ணியிருக்கிறியள்.”

தேத்தண்ணி ஆறுகிறது

சட்டத்தரணியின் கடிதம் சிட்னி போய்விட்டது. பதிலில்லை. காலையில் கராஜ் கதவை உயர்த்தினால் வெளிச்சம் வரிசை வரிசையாகப் போத்தல்களுக்குள் புகுந்து எழும்பும். கடல் ஒன்று விடிவது போல இருக்கும். கோபத்தோடு போகிற நான் கோபத்தை மறந்து நிற்பேன். குசினிக்குள் இருந்து மனுசி கத்துவாள்: “வித்துக் கிழிச்சது காணும், வந்து தேத்தண்ணியைக் குடியுங்கோ!”

போன கிழமை சும்மாதான் பொயிண்ட் குக் போனேன். என் மூலையில் அதே போத்தல், அதே வெயில். மதுரைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்: “புதுக் கம்பெனிக்காரங்க போன்லயே ஆர்டர் எடுக்குறாங்க சார். சண்டை போட ஆளில்லாம கடையே தூங்குது.”

ஆகவே சிட்னிக்காரரே, தொடங்குவதற்கு நல்ல நேரம் பார்த்த நீங்கள் முடிப்பதற்கும் ஒன்று பார்த்து ரோவிலுக்கு நேரில் வந்து, காரணத்தை எழுத்தில் தந்து, போத்தல்களை ஏற்றிக்கொண்டு போங்கோ. நீங்கள் எல்லாப் பக்கத்தையும் வாசித்து முடிக்கும்வரை நான் மணிக்கூட்டைப் பார்க்கமாட்டேன்.