உயிருடன் காணப்பட்டார்

உலகத்துக்கே தெரிந்த அந்தப் பழைய இரத்தக் காட்டேரிப் படத்தை நான் சென்னையில் படித்த நாட்களில் பார்த்திருந்தேன். மூடுபனி, மலைமேல் கோட்டை, பகலெல்லாம் பெட்டிக்குள் படுத்திருக்கும் பிரபு. அதைத் தமிழில், அதுவும் நவீனமாக மறுபடி எடுக்கப் போவதாகவும், மாமல்லபுரம் கடற்கரையில் எட்டு நாள் அனுமதி வேண்டும் என்றும் ஐம்பதுகளின் கடைசியில் ஒரு சினிமா கம்பெனியின் மனு வந்தது. செங்கல்பட்டு தாலுகா அலுவலகத்தில் நான் அப்போது இளநிலை குமாஸ்தா.

நவீனம் என்றால், காட்டேரி குதிரை வண்டியில் வராமல் மோட்டார் காரில் வரும், கோட்டு சூட்டு போட்டிருக்கும். பெட்டியை மட்டும் அவர்களால் கைவிட முடியவில்லை. நம் ஊர்ப் பேய்க்கு ஒரு புளியமரம் போதும். ஆனால் மனுவோடு இணைத்த சாமான் பட்டியலில் 'சவப்பெட்டி, ஒன்று' என்று தெளிவாகவே இருந்தது. நான் பதினொரு நிபந்தனைகளோடு உத்தரவு எழுதி, தாசில்தாரின் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். பதினொன்றும் கல் சிற்பங்களின் பாதுகாப்பு பற்றியவை. மனிதர்களைப் பற்றி ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

படப்பிடிப்பு தொடங்கிய நான்காம் நாள் ஊரின் பிறப்பு இறப்புக் கணக்கை எழுதும் மாமல்லபுரம் கிராம முன்சீப்பிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. 'மரணப் பதிவேட்டில் என்னால் இறந்தவராகப் பதிவு செய்யப்பட்ட நபர், நேற்றுக் காலை நேரில் தம் வயதைத் தெரிவித்தார். மேல் நடவடிக்கைக்கு உத்தரவு வேண்டப்படுகிறது.' அதற்குப் பின் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தேன். அவ்வளவு சுருக்கமான, அவ்வளவு நேர்மையான கடிதம் எனக்கு வேறு எதுவும் வரவில்லை.

தாசில்தார் கடப்பாக்கம் பக்கம் முகாமில் இருந்தார். விசாரித்து வரும்படி என்னை அனுப்பினார்கள். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கோப்பைப் பிரித்தேன். உத்தரவின் அடியில் 'நகல்: கிராம முன்சீப்' என்று என் கையெழுத்தில் இருந்தது. அந்த நகலும் அங்கேயே குண்டூசியில் குத்தியபடி இருந்தது. நான் அதை அனுப்பவே இல்லை. கோப்பை மூடிவிட்டு, வெளியே ஓடிய ஏரித் தண்ணீரை வெகு நேரம் பார்த்துக்கொண்டு போனேன்.

முன்சீப்பும் தலையாரியும் பஸ் நிற்குமிடத்தில் காத்திருந்தார்கள். ஊரில் நடக்கும் சாவை முன்சீப்பிடம் சொல்வது தலையாரியின் கடமை.

"இன்னா சார் பண்ணச் சொல்றீங்க?" என்றார் தலையாரி. "பொட்டியில ஆளு படுத்துகினு கீறான். மூஞ்சி சுண்ணாம்பு மாரி கீது. வாயோரம் ரத்தம். பின்னாடி நாலு பொம்பளைங்க அழுதுகினு போறாங்க. இதுக்கு மேல சாவு எப்டி கீதுன்னு எனக்குத் தெரியாது."

"மூச்சு இருக்கான்னு பார்த்தீங்களா?"

"பாக்கறது என் வேலை இல்ல சார். சொல்றதுதான் என் வேலை."

விதிப்படி அது சரியான பதில்.

பெட்டியை ஏற்றிய வண்டியோடு போன கம்பெனி ஆளிடம், இது யார் என்று தலையாரி கேட்டிருக்கிறார். அந்த ஆள் பெருமையாக, புதுக் கதாநாயகனின் பெயர், தகப்பனார் பெயர், சொந்த ஊர் எல்லாம் சொல்லியிருக்கிறான். வயதைக் கேட்பதற்குள் வண்டி போய்விட்டது. முன்சீப் மரணக் காரணம் 'இரத்த வாந்தி' என்றும், பெட்டியில் போனதால் மதம் 'கிறிஸ்தவர்' என்றும் எழுதினார். பெயர் எந்தக் கடவுளுடையது என்று அவர் கவலைப்படவில்லை. ஆனால் வயதுக் கட்டம் காலியாக இருந்தது அவரை உறுத்தியது. கேட்டு எழுதலாம் என்று கடற்கரைக்குப் போனார்.

"சவுக்குத் தோப்புல ஒருத்தர் உக்காந்து இட்லி சாப்பிட்டுகினு இருந்தாரு சார். செத்துப்போனவருக்கு வயசு என்னன்னு கேட்டேன். பேரைச் சொன்னேன். முப்பத்தாறு, எதுக்கு கேக்கறீங்கன்னாரு." முன்சீப் தலையைக் குனிந்துகொண்டார். "பொய் சொல்ல வரல. செத்ததா எழுதினதைச் சொல்லிட்டேன்."

"அந்தப் பதிவை அடிச்சுவிட்டிருக்கலாமே?"

"போன வருஷம் ஒரு பொறப்பை பிளேடால சொரண்டினதுக்கு மெமோ வாங்கினவன் சார் நான்."

கடற்கரைக்கு நடந்தோம். உச்சிவெயில். மணல் உருகிக்கொண்டிருப்பதுபோல ஆடியது. அங்கே இரவுக் காட்சி எடுக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. கேமராக்காரர் தம் கழுத்தில் தொங்கிய கருங்கண்ணாடியை என் கண்ணில் வைத்தார். பகல் அணைந்தது. வானம் கறுத்தது, அலைகளில் நிலவு விழுந்தது, கல் கோயில் நிழலாக நின்றது. கண்ணாடியை எடுத்தால் மறுபடியும் வெயில். நான் மூன்று நான்கு தடவை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தேன். வந்த வேலையைக்கூட மறந்திருந்தேன்.

வெயில் பட்டால் சாம்பலாகிவிட வேண்டிய காட்டேரி ஒரு கறுப்புக் குடையின் கீழ் உட்கார்ந்திருந்தார். முகத்தில் வெள்ளை மாவு, கோட்டுக்குள் வியர்வை. பதினைந்து வருஷம் நாடகக் கம்பெனிகளில் காவலாளியாக, முனிவராக, போர்க்களப் பிணமாக நின்றும் படுத்தும் இருந்தவர். கதாநாயக வேஷம் இதுதான் முதல் தடவை. அவர் நேற்றிலிருந்து பெட்டிக்குள் படுக்க மறுத்துக்கொண்டிருந்தார்.

"மேடையில நூறு தடவை செத்திருக்கேன் சார்," என்றார். "யாரும் எழுதி வச்சதில்ல. சித்திரகுப்தனும் உங்க ஆபீஸ் மாதிரிதானே? ரிஜிஸ்டர்ல இருந்தா இருந்ததுதான். அது அடிபடட்டும், நான் படுக்கறேன்."

தயாரிப்பு நிர்வாகி நடுவில் வந்தார். "அண்ணாத்த, வெயில் போறதுக்குள்ள ராத்திரி சீனை முடிக்கணும். நீ இன்னிக்குப் படுக்கலன்னா நாளைக்குக் காலையில வேற ஆளு படுப்பான். மொதலாளி சொல்லிட்டாரு."

பதிவை ரத்து செய்ய என்னால் முடியாது, தாசில்தாரால்தான் முடியும், அவர் முகாமிலிருந்து வர மூன்று நாள் ஆகும், வந்தாலும் கோப்பு தன் வேகத்தில்தான் நகரும் என்று நான் விளக்கினேன். விளக்கம் முழுவதும் சரியாக இருந்தது. நடிகர் கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"பதினஞ்சு வருஷம் சார்," என்றார் கடைசியில்.

வாக்குமூலம் எழுதத் தொடங்கினேன். தற்போது உயிருடன் இருக்கிறீரா என்பது முதல் கேள்வி.

"இருக்கேன்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறேன்னு எழுத முடியாதுங்க."

"சரி. இருக்கேன்."

முன்சீப்பும் தலையாரியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அவர் கையெழுத்துப் போட்ட இடத்தில் மாவு படிந்த விரல் தடம் ஒன்று வெள்ளையாக விழுந்தது. நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "இது உங்ககூட செங்கல்பட்டுக்குப் போயிடும். பொட்டிக்குள்ள என்கிட்ட என்ன சார் இருக்கும்?"

பைக்குள் அந்த அனுப்பாத நகல் என் விரலில் பட்டது. அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. குண்டூசியை உருவி அதை எடுத்தேன். இன்று பிற்பகல் மேற்படி நபர் என் முன் நேரில் ஆஜரானார், உயிருடன் காணப்பட்டார் என்று எழுதி, கையெழுத்திட்டேன். முன்சீப் மடியிலிருந்து பித்தளை முத்திரையை எடுத்து, ஊதி, அழுத்திக் குத்தினார். அப்படி ஒரு சான்றிதழ் தர எனக்கோ அவருக்கோ எந்த விதியிலும் அதிகாரம் கிடையாது. எந்த விதி அதைத் தடுக்கிறது என்பதும் எனக்கு எண்ணோடு தெரியும்.

நடிகர் அதை இரண்டு தடவை படித்தார். திருப்பி, முன்பக்கத்தில் 'நகல்: கிராம முன்சீப்' என்றிருந்ததையும் படித்தார். கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு எழுந்துபோய்ப் பெட்டிக்குள் படுத்தார். மூடி இறங்கியது. காற்றுக்குத் தலையாரி தம் முண்டாசைப் பிடித்துக்கொண்டார். மூடி மெல்லத் திறந்து, கொளுத்தும் வெயிலில் அவர் எழுந்தபோது வலது கை நெஞ்சின் மேல் இருந்தது.

"அந்தக் கை நல்லா கீது," என்று கத்தினார் நிர்வாகி. "எப்ப எழுந்தாலும் அதே மாரி வெச்சிக்க!"

என் அறிக்கையில் 'தகவல் சேர்வதில் ஏற்பட்ட தாமதம்' என்று எழுதினேன். தாசில்தார் 'இறந்தவரை அடையாளம் காட்டியவர் யார்?' என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். பதில் போய், அதற்கு ஒரு கேள்வி வந்து, கோப்பு நடந்துகொண்டே இருந்தது. அதற்குள் படம் செங்கல்பட்டுக்கு வந்துவிட்டது. ஒரு வாரம் ஓடியது. அந்த வாரம் முழுவதும், அரசாங்கத்தைப் பொறுத்தவரை, அதன் கதாநாயகன் இறந்தவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்குப் போனேன். திரையில் நிலவு, அலை, நிழலான கோயில். பெட்டி திறந்தது. அவர் எழுந்தார், கை நெஞ்சுக்குப் போயிற்று.

"பாத்தியா, நெஞ்சுல கை வெக்கிறான்," என்றது பின்வரிசைக் குரல். "ரத்த தாகம்டா மச்சான்."

நான் திரும்பவில்லை. கோட்டுக்குள் அந்தத் தாள் மடங்கிய இடம் லேசாகப் புடைத்துத் தெரிந்தது.