சம்பந்தி வீட்டு மரமறுக்கும் மிஷின்

மரம் அறுக்கும் மிஷினுக்குப் பல் தீட்டிச் செயின் கட்டிக் கொடுப்பது என் தொழில். நன்றாக அறுத்தால் மிஷினுக்கு நல்ல பேர், அறுக்காவிட்டால் எனக்குக் கெட்ட பேர். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கடை. டெய்லர், டூ வீலர் மெக்கானிக், மிக்ஸி ரிப்பேர் பார்ப்பவர் என்று அடுத்தவர் சாமானைத் தொட்டுப் பிழைக்கும் எல்லாருக்கும் இந்தக் கஷ்டம் தெரியும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்துவிட்டுச் சிரிக்கட்டும். சிரித்தவர்கள் யார் என்று ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

பந்தியில் விழுந்த பழி

ரங்கசாமி கச்சிராயபாளையத்தில் மரம் வெட்டும் கான்ட்ராக்டர். எனக்குச் சம்பந்தி ஆவதற்கு முன்பே வாடிக்கைக்காரர். ஒருமுறை அவர் மிஷினுக்குப் புதுச் செயின் போட்டுக் கொடுத்தேன். "புதுச் செயின் ஓட ஓட நீளும். கொஞ்ச நேரம் அறுத்ததும் நிறுத்தி, ஆற வுட்டு, மறுபடி இழுத்துக் கட்டுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன். மனுசன் பொழுது சாயும்வரை ஒரே மூச்சாக ஒரு புளியமரத்தை அறுத்தார். செயின் தொங்கிப்போய்க் கழன்று தொடையில் ஓர் அடி வைத்தது. நல்லவேளை, வேட்டிதான் கிழிந்தது.

அதை அவர் மனசிலேயே வைத்திருந்து, என் மகள் செல்விக்கும் அவர் மகன் குமாருக்கும் நிச்சயம் நடந்த அன்று பந்தியில் எடுத்து வைத்தார். அவர் வாயால் கேட்காமல் இனி அந்த மிஷினைத் தொடுவதில்லை, அவரோடு நானாகப் பேசுவதும் இல்லை என்று அந்த இலையின் முன்னாலேயே முடிவு செய்தேன். ஒரே ஒரு சிக்கல். இப்போது தினமும் அந்த மிஷினைப் பிடிப்பவர் குமார். இன்னொரு தடவை செயின் கழன்றால் அது என் மாப்பிள்ளையின் தொடையைத்தான் தேடும். ராத்திரி படுத்தால் அந்த நினைப்பு வரும். கூடவே, இலை நிறைய பாயசத்தை வைத்துக்கொண்டு சம்பந்தி சொன்னதும் வரும்:

"பொண்ணு வூட்டுக்காரரு தங்கமான மனுசன்தாங்க. ஆனா என் அருணாக்கயிறு நிக்கிற அளவுக்குக்கூட அவரு கட்டுன செயின் நிக்கல!"

புகைந்த மரம்

எல்லாரும் சம்பந்தி மாதிரிதான் என்று நினைக்கவேண்டாம். வேறு மாதிரியும் உண்டு. வெள்ளிமலையில் மரவள்ளி போடும் ஒருவர் மிஷினை உரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தார். பல் சாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டியிருந்தது. பக்கத்து சீட்டுக்காரரின் வேட்டி முனை அதிலேயே சிக்கியிருந்தது. வேட்டிக்காரர் எங்கே இறங்கினார் என்று நான் கேட்கவில்லை.

"பல்லு மழுங்கிப்போச்சுங்க" என்றார். எடுத்துப் பார்த்தால் பல் புதுசாக இருந்தது. செயினைத்தான் திருப்பி மாட்டியிருந்தார். பல்லின் முகம் ஓடும் திசையைப் பார்க்கவேண்டும். இவருடையதோ வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தது. "காலையிலேர்ந்து அறுத்தீங்களே, கொஞ்சமாவது சந்தேகம் வரலியா?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னார்:

"மரம் நல்லாப் பொகைஞ்சுதுங்க. வேலை நடக்காமயா பொகை வரும்னு இருந்துட்டேன்."

கை படாத வேலை

ஆயுத பூஜைக்கு மறுநாள் குமார் தன் அப்பாவுக்குத் தெரியாமல் மிஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். சம்பந்தி பூஜையில் ஒரு குறையும் வைக்கவில்லை. செயினில் ஒவ்வொரு பல்லுக்கும் சந்தனம், குங்குமம். எல்லாம் எண்ணெயில் குழைந்து, செயின் ஓடும் பள்ளத்தில் களிம்பாக இறுகிவிட்டது. சாமி கண்ணைத் திறந்தாரோ இல்லையோ, எண்ணெய் வரும் ஓட்டையை மூடிவிட்டார்.

தொடுவதில்லை என்று முடிவு செய்தவனாயிற்றே. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "முதல்ல பிளக் வொயரைப் புடுங்குங்க மாப்ளே. கையுறை போடுங்க. பள்ளத்தைச் சுரண்டுங்க. இப்ப நட்டை லூஸ் பண்ணிட்டு, செயின் சுத்துற அந்த இரும்புப் பாரோட மூக்கைத் தூக்கிப் புடிச்சிக்கினே ஸ்குரூவைத் திருப்புங்க. செயின் அடியில தொங்கவும் கூடாது, கையால இழுத்தா ஓடாம நிக்கவும் கூடாது. மூக்கை வுடாமயே நட்டை முறுக்குங்க." அதுவரை சரியாகத்தான் போனது. அரத்தை எடுத்ததும் கெட்டது. கை வாட்டத்துக்கு வந்த பக்கத்துப் பல்லை அழுத்தித் தேய்த்தார். அடுத்த பக்கத்துப் பல்லைக் குழந்தையைத் தடவுவதுபோல் தடவினார். அப்படித் தீட்டினால் மிஷின் மரத்துக்குள் கோணிக்கொண்டு போகும். எல்லாப் பல்லுக்கும் ஒரே சாய்வு, ஒரே அளவு, அரம் முன்னால் தள்ளும்போது மட்டும்தான் தேய்க்கவேண்டும். சொல்லச் சொல்ல என் விரல்கள் தாமாக ஆடின. குமார் நிமிர்ந்து பார்த்தார்:

"மாமா, நீங்க தொட்டதை நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். கண்ணை வேணா மூடிக்கிறேன், சட்டுனு தீட்டிடுங்க."

நான் தொடவில்லை. மிஷின் அரைகுறைப் பல்லோடுதான் வீட்டுக்குப் போனது.

கக்கூஸ் கதவு

ஒருநாள் விடியற்காலை பேய்க்காற்று. கச்சிராயபாளையத்திலிருந்து செல்வி போன் செய்தாள். "யப்பா, வேப்பமரம் சாஞ்சி கக்கூஸ் கதவை அடைச்சிக்கிச்சு. மாமனாரு உள்ள இருக்காரு. மிஷின் அறுக்கமாட்டேங்குது. சீக்கிரம் வா." அவருக்கு அடி ஒன்றும் இல்லை என்று கேட்டுக்கொண்ட பிறகு, ஒரு டீ குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

நான் போனபோது கூட்டம் கூடியிருந்தது. குமார் அறுத்து அறுத்து வேர்த்துப்போய் நின்றார். செயின் சூடேறித் தொளதொளவென்று தொங்கியது. உள்ளேயிருந்து சம்பந்தி, "இன்னும் இழுத்துக் கட்டுடா, கையில வலுவு இல்ல?" என்று கத்திக்கொண்டிருந்தார். அவர் கேட்கட்டும் என்று நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் குமார், அப்பா போட்ட கூச்சலில், இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே செயினைக் கையால் தூக்கிப் பள்ளத்தில் சொருகக் குனிந்தார். கையுறையும் இல்லை. நான் எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியாது. சுவிட்சை அணைத்து மிஷினைப் பிடுங்கிவிட்டேன். குமாரின் விரல்களை ஒருமுறை பார்த்தேன். எல்லாம் இருந்தன. அப்புறம்தான் உறைத்தது: மிஷின் என் கையில் இருக்கிறது, சம்பந்தி இன்னும் கேட்கவில்லை.

தொட்டது தொட்டாயிற்று, முறையாகவே செய்வோம் என்று உட்கார்ந்தேன். சூட்டோடு இழுத்துக் கட்டினால் ஆறும்போது செயின் சுருங்கிப் பாரைக் கவ்விக்கொள்ளும். ஆகவே ஆறவிட்டேன். பிறகு கட்டினேன். பிறகு அரத்தை எடுத்தேன்.

"சம்பந்தி, இன்னா பண்ணிக்கினு கீறீங்க?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"பல்லு தீட்டறேங்க."

"எத்தினி பல்லு?"

"எல்லாப் பல்லும்."

அப்புறம் குமாரிடம் கொடுத்தேன். வாழைத்தண்டை அறுப்பதுபோல் அறுத்தார். கதவு திறந்தது. சம்பந்தி கையில் பிளாஸ்டிக் மக்கோடு வெளியே வந்தார். செயினை ஒரு விரலால் இழுத்துப் பார்த்தார். கூட்டம் முழுக்க அவர் வாயைப் பார்த்தது. நானும்தான். அவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"செயினைக் குறை சொல்லமுடியாதுங்க, சுத்தமா கட்டியிருக்காரு. ஆனா உள்ள ஒரு மனுசன் கீறானேன்னு ஒரு அவசரம் வேணாவா? இவரு தீட்டி முடிக்கிறதுக்குள்ள அந்த மரமே மக்கிப் போயிருக்கும்!"

அன்று முதல் அந்த மிஷினை நான்தான் பார்க்கிறேன். சம்பந்தியோடு பேசாமல் இருப்பது மட்டும் இப்போது வேறு காரணத்துக்காக.