ஜூலி செய்த அசிங்கம்

சாப்பிட்டுக்கொண்டே இந்தப் பத்தியைப் படிப்பவரா நீங்கள்? இன்றைக்கு மட்டும் தட்டைத் தள்ளி வைத்துவிடுங்கள். விஷயம் அப்படி.

போன மாதம் ஒரு ஞாயிறு, பாப்பாரப்பட்டியிலிருந்து என் கணவரின் அக்கா வந்திருந்தார். வாசலில் நாற்காலி போட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் நாட்டு நாய் ஜூலி காம்பவுண்ட் ஓரமாகப் போய் வேலையை முடித்தது. திரும்பி மோந்து பார்த்தது. பிறகு... தின்றது. அத்தனை பேர் கண்ணெதிரே! அதோடு விட்டதா? நேராக வந்து என் இரண்டரை வயது மகளின் கன்னத்தில் ஒரு நக்கு.

“அய்யய்யே! ஏம்மா, பச்சப்புள்ள இருக்கற வூட்டுல இதையா வெச்சிருக்கீங்க?” அண்ணி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். “கொண்டுபோயி ஒகேனக்கல்ல உட்டுட்டு வா தம்பி. மீன் கடைங்க இருக்குது. தலையோ வாலோ தின்னு பொழச்சிக்கும்.”

“சரிக்கா. வர்ற ஞாயித்துக்கெழம உட்டுடறேன்” என்றார் இவர்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நானும் தலையாட்டினேன்.

இதே பக்கத்தில் கை கழுவுவது எப்படி, பால் பாட்டிலை எவ்வளவு நேரம் கொதிக்கவைப்பது என்றெல்லாம் உங்களுக்குப் பாடம் எடுத்தவள் நான். கூசிப்போனேன். அதற்கு முன்பும் ஜூலியை இரண்டு மூன்று தடவை விளக்குமாற்றால் அடித்திருக்கிறேன். மிளகாய்த்தூள்கூடத் தூவிப் பார்த்தேன். தும்மிவிட்டுத் தின்றது.

ஆனால் ஒகேனக்கல் என்றதும் மனசு கேட்கவில்லை. மறுநாளே கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன்.

“இது ஒண்ணும் அதிசயமில்லம்மா” என்றார் டாக்டர். “வயித்துல பூச்சி இருக்கலாம். சாப்பாடு பத்தாம இருக்கலாம். நாளெல்லாம் கட்டியே கெடந்தா சலிப்புலயும் திங்கும். ஆமா, அடிப்பீங்களா?”

“லேசா...”

“அடிச்சா, நீங்க வர்றதுக்குள்ள தின்னு முடிச்சிடணும்னுதான் பாக்கும். போன உடனே அள்ளிடுங்க. கீழ கெடந்தாத்தானே திங்கும்? ரெண்டு வேளையும் வயிறார சோறு. வெறும் ரசஞ்சோறு இல்ல, முட்டையும் சேத்து வைங்க. போனதும் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. வந்தா ஒரு பிஸ்கட்.”

பூச்சி மாத்திரை எழுதிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார். “வீட்ல கொழந்தை இருக்குதா? அது வெளிக்குப் போனா யாரு அள்றது?”

“நான்தாங்க.”

பொய். சுத்தப் பொய்.

உண்மை என்ன தெரியுமா? பாப்பா நடக்கத் தொடங்கியதிலிருந்து காலையில் கொல்லைப்புறத்தில்தான் உட்கார வைப்பேன். அவள் எழுந்ததும் ஜூலியைக் கூப்பிடுவேன். “தோ... தோ... தோ...” ஓடி வரும். ஒரு நிமிடத்தில் இடம் சுத்தம். எங்கள் அதியமான்கோட்டைப் பக்கம் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். தண்ணீர் வராத ஒரு நாளில் ஆரம்பித்தேன். தண்ணீர் வந்த பிறகும் நிறுத்தவில்லை. பட்டம் வாங்கியவள்தான். புழு, கிருமி எல்லாம் தெரிந்தவள்தான்.

ஒன்றைத் தின்னக் கூப்பிட்டுவிட்டு, இன்னொன்றைத் தின்றதற்கு அடித்தால்... பாவம், அந்த வாயில்லா ஜீவனுக்கு என்ன புரியும்?

அன்றே பாப்பா வெளிக்குப் போக உட்காரும் ‘பாட்டி சேர்’ (potty chair) ஒன்று வாங்கினேன். பாப்பாவையும் குழந்தை டாக்டரிடம் காட்டினேன். ஜூலிக்கு முட்டைச் சோறு, பிஸ்கட்; அது போனதும் அள்ள என் கையில் குப்பை முறம். வாரம் முழுக்க இவரிடம் சொல்ல வாய் திறந்தேன், திறந்த வேகத்திலேயே மூடிக்கொண்டேன். ‘இவளா அம்மா?’ என்று நினைத்துவிட்டால்?

ஞாயிறு வந்தது. இவர் ஜூலியின் கழுத்தில் கயிறு கட்டினார். நண்பரின் வண்டி வாசலில் நின்றது. ஜூலி வாலாட்டிக்கொண்டே ஏறப் போனது. வெளியூர்ப் பயணம் என்று நினைத்ததோ என்னவோ.

அப்போதுதான் பாட்டி சேரிலிருந்து பாப்பா எழுந்தாள். வாசலைப் பார்த்தாள். உரக்கக் கூப்பிட்டாள்.

“ஊலி! தோ... தோ... தோ...”

அப்படியே என் குரல். என் இழுப்பு.

கயிற்றைப் பிடித்தபடி இவர் திரும்பினார். “யாரு சொல்லிக் குடுத்தது இவளுக்கு?”

“நான்தாங்க.” இந்தத் தடவை அந்த வார்த்தை பொய்யில்லை. “பாப்பா போனதத் திங்க அத தெனமும் நான்தாங்க கூப்புட்டேன். அதும்மேல தப்பில்லீங்க.”

அவர் திட்டியிருந்தால் தேவலை. குனிந்து கயிற்றை அவிழ்த்தார். பிறகு, “அக்காவுக்கு நீயே போன் பண்ணிச் சொல்லு” என்றார்.

சொன்னேன். அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் இங்கே எழுதமாட்டேன்... விட்டுவிடுங்கள்.

ஜூலி இப்போது பரவாயில்லை. முழுதாக மாறவில்லை, நான் அசந்தால் மோந்து பார்க்கப் போகிறது. பாப்பாதான் இன்னும் மாறவில்லை. தினமும் காலையில் அதே “தோ... தோ...”

ஓடிப்போய் நிற்பது மட்டும் இப்போது நான் — முறத்தோடு.