ஊற்றப் பயந்த தண்ணீர்

1987 தை மாதம், ஆண்டவருடைய திருமுழுக்கு ஞாயிறு. என் மகனுக்கு அப்போது ஐந்து மாதம். கண்கள் குழிக்குள் போயிருந்தன. உச்சிக்குழி பள்ளமாகிவிட்டது. விடியத் தொடங்கி அழுதான், கண்ணீர் வரவில்லை. பத்து மணிக்குப் பிறகு அழவும் இல்லை.

அவனுக்கு இன்னும் ஞானஸ்நானம் கொடுத்திருக்கவில்லை. அது என் பிழை. ஞானத்தாயாக நிற்க வேண்டிய என் தங்கை யாழ்ப்பாணத்தில் இருந்தாள். எங்கள் தீவை யாழ்ப்பாணத்தோடு இணைக்கும் பண்ணைப் பாதை சண்டையால் பூட்டுவதும் திறப்பதுமாக இருந்தபடியால் மூன்று முறை நாள் குறித்து மூன்று முறையும் தள்ளிப்போட்டேன். கணவர் சவூதியில். எல்லாம் முறையாக நடக்க வேண்டும் என்று நினைக்கிறவள் நான்.

வயிற்றோட்டம் வியாழக்கிழமை தொடங்கியது. மறுநாள் காலை கணவரின் அக்காவோடு தீவிலிருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் இல்லை. அவரை நான் மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். மருந்து தந்த நர்ஸ் மிசி, கொதித்தாறிய தண்ணீரில் சீனியும் ஒரு துளி உப்பும் போட்டு, குடித்ததைச் சத்தி எடுத்தாலும் விடாமல் கரண்டியால் பருக்கச் சொன்னார். வீட்டில் இரண்டு கரண்டி கொடுத்தேன். இரண்டையும் சத்தி எடுத்தான். மச்சாள் கரண்டியை வாங்கி வைத்துவிட்டார்.

"வயித்தாலை போற பிள்ளைக்கு ஆரும் தண்ணி குடுக்கிறதே? குடுக்கக் குடுக்கத்தான் போகும். என்ரை நாலும் இப்பிடித்தான் தப்பினது."

நான் ஏ.எல்., பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். மிசி சொன்னதும் நினைவிருந்தது, மச்சாள் சொன்னதும் சரிபோல இருந்தது. அவர் நாலு பெற்றவர், எனக்கு இது முதல் பிள்ளை. தண்ணீரை நிறுத்தினேன். பாலையும் குறைத்தேன்.

சனிக்கிழமை யாழ்ப்பாணம் கொண்டுபோக வாகனம் தேடினோம். பெற்றோல் இல்லை. இருந்திருந்தாலும் பாதை பூட்டு. ஞாயிறு பூசையும் இல்லை, சுவாமியார் யாழ்ப்பாணப் பக்கத்தில் அகப்பட்டுவிட்டார். கோவிலில் சனங்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது நான் பிள்ளையோடு கட்டிலில் இருந்தேன்.

மச்சாள் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து எனக்குப் பக்கத்தில் வைத்தார். பிள்ளை பருகுவதற்கு அல்ல.

"ஊத்தும், பிள்ளை. சுவாமி வரமாட்டார். பிறகு காலமெல்லாம் இருந்து அழுவீர்."

சாகும் ஆபத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். மறைக்கல்வி வகுப்பில் ஒரு பொம்மையை வைத்துப் பிள்ளைகளுக்கு அதைக் காட்டிக் கொடுத்தவளே நான்தான். ஆனால் என் கை எழவில்லை. ஊற்றினால், போ என்று நானே அனுப்பியதுபோல ஆகிவிடும் என்று நினைத்தேன். ஊற்றாமல் விட்டால், ஞானஸ்நானம் இல்லாமலே போய்விடுவானே என்றும் பயந்தேன். மச்சாள் சத்தமில்லாமல் அழுதார்.

அன்றைய வாசகத்தை எடுத்தேன். கோவிலில் நான் வாசிக்க வேண்டியிருந்த முறை அது. எசாயா இறைவாக்கினர் ஆண்டவரின் ஊழியரைப் பற்றிச் சொல்லும் இடம். நெரிந்த நாணலை முறிக்காதவர், மங்கி எரியும் திரியை அணைக்காதவர். வெள்ளிக்கிழமையே வாசித்துப் பழகியிருந்தேன். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை உயர்த்த வேண்டும் என்று மட்டும்தான் அப்போது பார்த்தேன். இப்போது என் மடியில் கிடந்தது அந்தத் திரிதான். எனக்குக் கோபம் வந்தது. "அணைக்கமாட்டீர் எண்டால் அணைக்காதேயும்," என்றேன். அதற்குப் பிறகு, "இவன் என்ரை பிள்ளை இல்லை, உம்முடைய பிள்ளை," என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு விருப்பம் இருக்கவில்லை. ஆனாலும் சொன்னேன்.

கிண்ணத்தை எடுத்தேன். கணவர் இரண்டு பெயர்கள் எழுதி அனுப்பியிருந்தார். எதைத் தெரிவுசெய்வது என்று தெரியாமல் இரண்டையும் சொன்னேன். அன்ரன் யோவான், பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்.

தண்ணீர் நெற்றியிலிருந்து வழிந்து, கன்னத்தால் வந்து, கடைவாயில் நின்றது. அவனுடைய நாக்கு வெளியே வந்தது. நக்கினான். திரும்பவும் நக்கினான்.

"நக்கிறான் பாரும்," என்றார் மச்சாள்.

அப்போதுதான் விளங்கியது. என் பிள்ளை இரண்டு நாளாகத் தாகத்தில் கிடந்திருக்கிறான். கேட்கத் தெரியாத பிள்ளைக்கு நான் தண்ணீரை மறித்து வைத்திருக்கிறேன்.

மச்சாள் குசினிக்குப் போய்ச் சீனியும் உப்பும் கரைத்துக்கொண்டு வந்தார். பின்னேரம் வரை கரண்டி கரண்டியாகப் பருக்கினோம். சத்தி எடுத்தான், பருக்கினோம். இருட்டுவதற்கு முன் சீலை நனைந்தது. சலம் போயிருந்தான். பிறகு அழுதான். கண்ணீர் வந்தது.

இதோடு நிறுத்தினால் அழகான சாட்சியாக இருக்கும். நிறுத்த ஏலாது.

நாலு வீடு தள்ளிப் புஷ்பம் இருந்தாள். அவளுடைய பெண்பிள்ளைக்கும் அதே வயிற்றோட்டம். ஞாயிறு பின்னேரமே எனக்கு அது தெரியும். திங்களும் செவ்வாயும் நான் வீட்டில் நன்றிச் செபமாலை சொன்னேன். அவளிடம் போகவில்லை. போனால், தண்ணீரை மறித்ததையும் சொல்ல வேண்டி வரும். படித்தவள் இப்படிச் செய்தாளாம் என்று ஊர் கதைக்கும். புதன்கிழமை அந்தப் பிள்ளை செத்தது. முறையாக ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை. புஷ்பத்தின் செபம் என்னுடையதிலும் குறைந்ததல்ல.

செத்த வீட்டில் அவளைக் கட்டிப்பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் தள்ளவில்லை. "திங்கக்கிழமை வந்து சொல்லியிருக்கலாமே அக்கா," என்று மட்டும் கேட்டாள்.

பிறகு சுவாமியார் வந்தபோது, நான் சொன்ன வார்த்தைகள் சரியோ, தண்ணீர் போதுமோ என்று கேட்டேன். "அது செல்லும், பிள்ளை. மிச்சச் சடங்கை நான் செய்யிறன்," என்றார். புஷ்பத்தின் கேள்வியையும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன்.

அன்ரனுக்கு இப்போது மூன்று வயது. ஆண்டவர் அவனைத் தந்தார். ஒவ்வொரு நாளும் நன்றி சொல்கிறேன். எந்த வீட்டில் பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்று கேள்விப்பட்டாலும் சீனியும் உப்பும் கொண்டு போகிறேன். என் வெட்கத்தையும் சொல்கிறேன், இல்லாவிட்டால் அவர்கள் நம்பமாட்டார்கள். சில வீடுகளில் புஷ்பம் எனக்கு முந்தியே போய் அந்தப் பிள்ளையை மடியில் வைத்திருப்பாள். நான் கரைத்துக் கொடுக்க, அவள் பருக்குவாள்.

சகோதரரே, ஆண்டவரிடம் கேளுங்கள். கோபத்தோடாவது கேளுங்கள், அவர் கேட்பார். நீங்கள் பெற்றதை அன்றைக்கே அடுத்த வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். புதன்கிழமை வரை வைத்திருக்க வேண்டாம்.