பலராமனின் பித்தளை ஆணி

சட்டைப் பையைத் தட்டிப் பார்க்காமல் பலராமன் ஜீப்பில் ஏறமாட்டார். தட்டினால் கலகலவென்று சத்தம் வரவேண்டும். சில்லறை என்று நினைத்து பஸ்ஸுக்குக் கேட்டு ஏமாந்தவர்கள் உண்டு. உள்ளே இருப்பவை சுண்டுவிரல் நீளப் பித்தளை ஆணிகள். துவைக்கப் போட்ட சட்டையிலும் அவை கிடப்பதால், அவர் மனைவி அமிர்தவல்லி அவற்றைத் திட்டாத வாரமில்லை.

முத்தியால்பேட்டையில் தகரக் கொட்டகை போட்டு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். முன்பு மில்லில் ஃபிட்டர். மில் மூடியதும், பட்டாளத்தில் கழித்துக்கட்டிய ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்துவந்தார். மணல், சேறு, வரப்பு எதையும் லட்சியம் செய்யாத வண்டி. அதன் முகப்பில் ஒரு வின்ச்சைப் பொருத்தினார். கம்பி வடம் சுற்றிய உருளை அது. எஞ்சின் அதைச் சுழற்றினால், வடம் லாரியைக்கூட இழுத்துவரும்.

அவர் அதைப் பொருத்திய நாட்களில் நான் அந்தப் பக்கம் அடிக்கடி போவேன். பம்பரில் நாலு போல்ட்டைப் போட்டு மாட்டினால் சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும் என்று வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாரும் யோசனை சொன்னார்கள். நானும் சொன்னேன்.

"பம்பரு கழண்டு லாரியோட போயிடும், முசியே. நாம ஜீப்புல உக்காந்து டாட்டா காட்டணும்" என்றார். முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா; அவசரப்படுகிறவர் யாராக இருந்தாலும் அவருக்கு முசியேதான். இரண்டு கனத்த இரும்புச் சட்டங்களை ஜீப்பின் அடிச்சட்டத்தோடு முடுக்கி, அவற்றின்மேல் வின்ச்சை உட்கார வைத்தார். எஞ்சினிலிருந்து உருளைக்குப் போகும் தண்டை ஓரிடத்தில் இரண்டாக்கி, இரண்டையும் ஒரே ஒரு பித்தளை ஆணியால் இணைத்தார். பாரம் மிஞ்சினால், வடம் அறுவதற்கு முன்பே ஆணி வெட்டுப்பட்டு உருளை நின்றுவிடும்.

"இதான் நம்ம பலி கெடா. வெட்டு இது மேல வுழணும், மனுசன் மேல வுழக்கூடாது."

போன ஐப்பசியில் வைத்திக்குப்பத்திலிருந்து ஆள் வந்தது. நானும் ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். அங்கே மீன்பிடிக்கும் தெய்வசிகாமணியின் லாஞ்சு என்கிற விசைப்படகு, எஞ்சின் நின்றுபோய்க் கரையில் ஒதுங்கி, பாதி மணலில் புதைந்து கிடந்தது. ரேடியோவில் புயல் எச்சரிக்கை. இருட்டுவதற்குள் மேலே இழுக்காவிட்டால் அலை அதைப் பலகை பலகையாகப் பிரித்துவிடும். தெய்வசிகாமணிக்கு அந்த லாஞ்சைத் தவிர வேறு பிழைப்பு கிடையாது.

பலராமன் ஜீப்பின் பின்பக்கத்தை ஒரு தென்னை மரத்தோடு கட்டினார். வடத்தைக் கொண்டுபோய் லாஞ்சின் மூக்கில் மாட்டிவிட்டு வந்து, ஜீப்பின் பானெட்டைத் திறந்து நிறுத்தினார். அறுந்த வடம் சாட்டையாகத் திரும்பி வரும். பானெட்தான் ஓட்டுகிறவருக்குக் கேடயம். ஆனால் அதைத் தூக்கினால் ஸீட்டிலிருந்து எதிரே ஒன்றும் தெரியாது. என்னை ஓரமாக நிறுத்திக் கையில் ஒரு சிவப்புத் துண்டைத் திணித்தார்.

"தூக்குனா இழுப்பேன், எறக்குனா நிறுத்துவேன். வாயப் பொளந்துக்கினு நிக்காத, லாஞ்சயே பாரு."

இழுத்தார். டக். ஆணி வெட்டுப்பட்டது. மாற்றினார். மறுபடியும் டக். அதற்கடுத்ததும் போயிற்று. பைக்குள் விரலை விட்டுத் துழாவினார், ஒன்றுதான் மிச்சம். "பித்தளையத் தூக்கிப் போட்டுட்டு இரும்பு போல்ட்ட சொருகுய்யா!" என்று கூட்டம் கத்தியது. தெய்வசிகாமணி எங்கிருந்தோ ஒரு போல்ட்டைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"ஒரே ஒரு வாட்டி, அண்ணே. ஒடையறது என் லாஞ்சுண்ணே."

அதைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப்போய், லாஞ்சின் மூக்கில் தோளை முட்டுக் கொடுத்து, வடத்தை ஒட்டியே நின்றுகொண்டார். பலராமன் போல்ட்டைத் துளையில் வைத்துப் பார்த்தார். அளவெடுத்தது போல் நுழைந்தது. அதை அவர் வெளியே எடுக்கவில்லை.

"சிகாமணி, வடத்த வுட்டு இப்பிடி வா."

"நான் வரமாட்டேன். நீ இழு!"

பலராமன் ஜீப்பின் முன்பக்கம் போனார். திறந்திருந்த பானெட்டை இறக்கி மூடினார். ஏறி ஸ்டீரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். வடத்தின் இந்த முனையில் அவர் முகம், அந்த முனையில் தெய்வசிகாமணியின் முகம். நடுவில் ஒரு மறைப்பும் இல்லை.

"இரும்பு போல்ட்டு போட்டாச்சு. அறுந்தா ரெண்டு பேருக்கும் சேந்தே வுழட்டும். இழுக்கட்டா?"

பாழாய்ப்போன துண்டு என் கையில்தான் இருந்தது. எனக்குக் கை எழவில்லை.

"யோவ், இந்தாண்ட வாய்யா!" என்று அலறியது தெய்வசிகாமணியின் மனைவி தனக்கொடி. அவர் அசையவில்லை. பலராமன் எஞ்சினைக் கிளப்பினார். அந்தச் சத்தம் கேட்டதும்தான் தெய்வசிகாமணி தோளை எடுத்தார். அழுதுகொண்டே விலகி வந்தார்.

பலராமன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, போல்ட்டை உருவி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "இப்ப மம்முட்டிய எடுங்க. அடியில நோண்டுனாத்தான் அது நவுரும்." குப்பமே மண்வெட்டியோடு இறங்கியது. தோண்டத் தோண்ட அலை மண்ணைத் தள்ளி மூடியது. அதோடு போட்டி போட்டுக்கொண்டு தோண்டினார்கள். கடைசிப் பித்தளை ஆணி உள்ளே போனது. பானெட் மறுபடி எழுந்தது. பலராமன் பழக்கத்தில் பையைத் தட்டினார், சத்தமில்லை. "அல தூக்கறப்ப துண்டத் தூக்கு" என்றார் என்னிடம்.

பெரிய அலை ஒன்று வந்து லாஞ்சின் பின்பக்கத்தைத் தூக்கியது. துண்டைத் தூக்கினேன். வடம் விறைத்து முனகியது. ஒவ்வொரு நொடியும் அந்த டக் சத்தத்துக்காகவே காது காத்திருந்தது. லாஞ்சு ஒரு முழம் நகர்ந்தது. அடுத்த அலையில் இன்னும் கொஞ்சம். பிறகு விடுபட்டு, ஈரம் தாண்டி உலர்ந்த மணல்வரை வழுக்கிக்கொண்டே வந்தது.

கூட்டம் கூச்சலோடு லாஞ்சைச் சூழ்ந்துகொண்டது. பலராமன் வடத்தைத் தளர்த்தி, அது மணலில் முழுக்கப் படுத்த பிறகுதான் பானெட்டை இறக்கினார். தெய்வசிகாமணி ஓடிவந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். வலது கைக்குள் அந்த இரும்பு போல்ட் இன்னும் இருந்தது. பலராமன் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை எடுத்தார். காலியான தன் சட்டைப் பைக்குள் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டிக்கொண்டார்.